அடைக்கோழியிலிருந்து அடைகாப்பான் வரை: பத்து காஜா வட்டாரத்தில் காடை முட்டைப் பொரிப்பின் வரலாற்றுப் பின்புலம்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் கிந்தா மாவட்டத் தலைநகராகிய பத்து காஜாவின் வரலாற்றை எழுதப் புகுவோர் இரண்டு சின்னங்களைத் தவறாது குறிப்பிடுவர். ஒன்று, வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுத் தோட்ட உரிமையாளர் கட்டத் தொடங்கி, 1926ஆம் ஆண்டு அவர் லிஸ்பன் நகரில் இறந்தமையால் முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட மாளிகை. மற்றொன்று, 1938இல் கட்டப்பட்டு 1982 வரை இயங்கிய தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் ஈயக் கப்பல். முன்னது ரப்பரின் காலத்தையும் பின்னது ஈயத்தின் காலத்தையும் நினைவூட்டுகின்றன.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் இவ்விரண்டோடும் ஒப்பிட மிகச் சிறியது. நுரைப்பெட்டி ஒன்று, அதனுள் ஒரு மின்விளக்கு, ஒரு வெப்பச் சீராக்கி, ஒரு கிண்ணம் நீர், சில பத்துக் காடை முட்டைகள். தாமான் வீடுகளின் பின்கட்டிலே வைத்துக் காடைக் குஞ்சு பொரிக்கும் இம்முயற்சி வெறும் பொழுதுபோக்காகவே தோன்றும். ஆயினும் இப்பெட்டிக்குள் மூன்று வரலாறுகள் சந்திக்கின்றன. அடைகாக்க மறந்த ஒரு பறவையின் வரலாறு முதலாவது. தாய்ப்பறவையின் சூட்டைக் கருவியால் உண்டாக்க மனிதன் செய்த முயற்சியின் வரலாறு இரண்டாவது. மின்சாரம் யாருக்கு முதலில் கிடைத்தது, யாருக்குப் பின்னர்க் கிடைத்தது என்னும் கிந்தாப் பள்ளத்தாக்கின் வரலாறு மூன்றாவது. இம்மூன்றையும் தொடர்ந்து நோக்கும்போது நான்காவதாக ஒன்று புலப்படுகிறது. அது தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்களிடம் இருந்த அடைகாப்பு அறிவின் வரலாறு. அது இன்னும் முறையாக எழுதப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் கவலையாகும்.

தமிழ் மரபில் காடை

காடை தமிழர்க்குப் புதிய பறவையன்று. பூழ், குறும்பூழ், இதல் முதலிய பெயர்கள் சங்க நூல்களில் பயில்கின்றன. புறநானூற்றின் 321ஆம் பாட்டில் புள்ளிகள் பொருந்திய முதுகினையுடைய போர்வல்ல பூழ்ச்சேவல் வெள்ளெள்ளை உண்ணும் காட்சி இடம்பெறுகிறது. குறுந்தொகையின் 389ஆம் பாட்டு நெய்யிற் கனிந்த குறும்பூழ்க் கறியை விரும்பத்தக்க உணவாகச் சுட்டுகிறது. கலித்தொகையின் 95ஆம் பாட்டில் பரத்தையிடம் சென்று மீண்ட தலைவன் தான் குறும்பூழ்ப் போர் கண்டு வந்ததாகக் கூற, தலைவி அச்சொல்லையே பற்றிக்கொண்டு அவனை இடித்துரைக்கிறாள்.

இம்மூன்று சான்றுகளையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். காடை இங்கே புனத்தில் மேயும் பறவையாகவும், உணவாகவும், போருக்கு விடப்படும் பறவையாகவும் வருகிறது. முட்டைக்காக வீட்டில் வளர்த்து, அடைக்கு வைத்துப் பெருக்கப்படும் பறவையாக வரவில்லை. வீட்டுப் பறவை என்னும் நிலை கோழிக்கு உரியதாக இருந்தது. பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. குஞ்சு என்னும் சொல் பின்னர் வழக்கில் நிலைபெற்றது. ஆனால் காடைக் குஞ்சைத் தன் கையாற் பொரிக்கச் செய்யும் தேவை பழந்தமிழர்க்கு எழவில்லை. காட்டுக்காடை தன் முட்டையைத் தானே காத்துப் பொரித்துக்கொண்டது.

மலாயாவிற்கு வந்த தமிழர் இங்குக் கண்ட புதர்ப்பறவையைப் பற்றியும் ஒரு குறிப்புத் தேவை. மலாய் மொழியில் புயூ என்னும் பெயர் காடைக்கும், புயூ தானா என்னும் பெயர் காடையை ஒத்த வேறொரு சிறு பறவைக்கும் வழங்குகின்றன. இப்பின்னது உண்மையான காடை இனத்தைச் சேர்ந்ததன்று. இப்பறவையில் பெட்டை உருவிற் பெரியது; ஆண் பறவையே முட்டைகளின்மீது அமர்ந்து அடைகாத்துக் குஞ்சுகளையும் பேணுகிறது. அடைகாத்தல் பெண்பாற்கே உரியது என்னும் பொதுக் கருத்துக்கு இது விலக்காகும். இன்று கடைகளில் விற்கப்படும் புள்ளி முட்டைகள் இக்காட்டுப் பறவையினுடையவை அல்ல. அவை ஜப்பானியக் காடைக்கு உரியவை.

அடைகாக்க மறந்த பறவை

ஜப்பானியக் காடையை அறிவியலார் கொட்டூர்னிக்ஸ் ஜப்போனிகா என வழங்குவர். ஜப்பானில் இது முதலில் அதன் குரலுக்காகவே கூண்டில் வளர்க்கப்பட்டது. எடோ காலத்தில் காடைகளின் குரலினிமையை ஒப்பிட்டுப் பார்க்கும் போட்டிகள் நடைபெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முட்டைக்காக இதனைத் தேர்ந்து பெருக்கும் முயற்சி வலுப்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் இவ்வளர்ப்பு ஏறத்தாழ அழிந்துபோக, எஞ்சிய சில பறவைகளைக் கொண்டு போருக்குப் பின் மீண்டும் அது கட்டியெழுப்பப்பட்டது. ஐச்சி மாநிலத்தின் தொயோஹாஷி நகர் இன்றும் ஜப்பானியக் காடை வளர்ப்பின் முதன்மையான நடுவமாக விளங்குகிறது.

இத்தேர்வில் ஓர் இயல்பு வளர்ந்தது. மற்றோர் இயல்பு தேய்ந்தது. அடைகாக்கும் பறவை அக்காலத்தில் முட்டையிடுவதை நிறுத்திவிடும். ஆகவே மிகுந்த முட்டையிடும் பறவைகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கும்போது அடையுணர்வு குன்றிய பறவைகளே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. கூண்டு வாழ்க்கையும் இதற்குத் துணைசெய்தது. இதன் விளைவாக வளர்ப்புக் காடை ஆறு அல்லது ஏழு வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கி ஆண்டிற்கு 250க்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. ஆனால் அவற்றின்மேல் அமர்வது அரிது. மனிதன் வெப்பம் தராவிட்டால் இப்பறவையின் அடுத்த தலைமுறை இல்லை.

விரைவாக வளரும் இப்பறவை அறிவியலுக்கும் பயன்பட்டது. 1969இல் பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் நிக்கோல் லெ துவாரின் காடை உயிரணுக்களைக் கோழிக் கருவில் பொருத்தி, கருவளர்ச்சியின்போது உயிரணுக்கள் இடம்பெயரும் வழியைக் கண்டறியும் முறையை வகுத்தார். 1990இல் மீர் விண்வெளி நிலையத்தில், ஓர் அடைகாப்பானுக்குள், காடைக் குஞ்சுகள் பொரிந்தன. இந்தியாவிற்கு இப்பறவை 1974இல் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. உத்தரப்பிரதேசத்தின் இசத்நகரில் இதன் ஆய்வு வளர்ந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை ஆகிய வகைகளை உருவாக்கிப் பரப்பியது. சங்கப் பாடல்களில் புனத்துப் பறவையாக வந்த காடை, இவ்வாறு வேறோர் இனமாக, வேறொரு கடல்வழியில், தமிழர் வீட்டிற்குள் நுழைந்தது எனலாம்.

தாய்ச்சூட்டிற்கு மாற்று

தாய்ப்பறவை இன்றி முட்டை பொரிக்கும் முயற்சி மிகப் பழையது. எகிப்தியர் எருக்குவியலின் வெம்மையில் முட்டைகளைப் பொரித்தனர் எனக் கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் எழுதியுள்ளார். எகிப்தின் மண் அடுப்புகள் ஆயிரக்கணக்கான கோழி முட்டைகளை ஒரே நேரத்திற் பொரிக்க வல்லவை. சீனரோ வறுத்துச் சூடேற்றிய நெல்லையும் உமியையும் கூடைகளிலும் பீப்பாய்களிலும் இட்டு, அவற்றினிடையே வாத்து முட்டைகளை அடுக்கிப் பொரிக்கும் முறையைக் கையாண்டனர். அம்முறை சீனர் குடியேறிய தென்கிழக்காசிய நாடுகளிலும் பரவியது.

இம்முறைகளில் வெப்பமானி இல்லை. எகிப்தியப் பொரிப்பாளர் முட்டையைத் தம் கண்ணிமையில் ஒற்றிச் சூட்டை அறிந்தனர். இவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு வாழ்ந்து கற்பிக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் கொர்னேலிஸ் டிரெபல் வெப்பத்தைத் தானே சீராக்கும் உலையொன்றைப் படைத்து அதனை முட்டை பொரிக்கவும் பயன்படுத்தினார். பிரான்ஸ் நாட்டு ரேயமூர் 1749இல் எகிப்திய முறையை ஐரோப்பாவிற்கு ஏற்பச் செய்வது குறித்து நூல் எழுதினார். 1879இல் கலிபோர்னியாவின் பெத்தலுமா நகரில் லைமன் பைஸ் உருவாக்கிய அடைகாப்பான் அந்நகரைக் கோழி வளர்ப்பின் பெருநடுவமாக்கியது. 1881இல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் ஹெர்சன், ஈதர் நிரப்பிய மெல்லிய உலோக உறையைக் கொண்டு வெப்பத்தைச் சீராக்கினார். சூடு மிகும்போது உறை விரியும். நெம்புகோல் உயர்ந்து விளக்கின் வெப்பத்தை வெளியே திருப்பிவிடும். இன்று நுரைப்பெட்டியில் பொருத்தப்படும் மின்னணுச் சீராக்கி செய்வதும் இதே பணிதான். சூடு குறைந்தால் விளக்கை ஏற்றும், மிகுந்தால் அணைக்கும்.

கிந்தாவின் மின்சாரமும் லயத்தின் இருளும்

இனிக் கிந்தாப் பள்ளத்தாக்கிற்கு வருவோம். நிலக்கரியையும் விறகையும் நம்பிய ஈயச் சுரங்கங்களுக்கு மலிவான ஆற்றல் தேவைப்பட்டது. 1926இல் தொடங்கப்பட்ட பேராக் நதி நீர்மின் நிறுவனம் பத்து காஜாவிற்குத் தென்கிழக்கேயுள்ள மாலிம் நாவாரில் 1928இல் மின்நிலையத்தை இயக்கியது. 1930இல் பேராக் ஆற்றின் குறுக்கே செண்டேரோ அணை பயன்பாட்டிற்கு வந்தது. மலாயாவிலேயே முற்பட மின்மயமான வட்டாரங்களுள் ஒன்றாகக் கிந்தா ஆனதற்கு ஈயக் கப்பல்களே காரணம்.

ஆனால் அம்மின்சாரம் சுரங்கத்திற்காக வந்தது. மின்கம்பிகள் சென்ற நிலத்திற்கு அண்மையிலேயே ரப்பர் தோட்டங்களின் லயத்து வீடுகள் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தன. தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய மின்வசதி தரவேண்டியது முதலாளியின் கடமை என்பதை 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டம் வலியுறுத்தியது. செண்டேரோ அணைக்கும் இச்சட்டத்திற்கும் இடையே அறுபது ஆண்டுகள் உள்ளன. மின் அடைகாப்பான் தோட்டத்துத் தமிழர் வீட்டிற்கு ஏன் இவ்வளவு பிந்தி வந்தது என்னும் வினாவிற்கு விடை இவ்வறுபது ஆண்டுகளில் இருக்கிறது. கருவியைப் பற்றிய அறியாமை அதற்குக் காரணமன்று.

அவ்விடைவெளியில் அடைக்கோழியே பொரிப்புக் கருவியாக இருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் சிறு நிலம் ஒதுக்குவதற்கு இடமளித்தது. லயத்தின் பின்புறத்தில் காய்கறிப் பாத்தியும் கோழிக்கூடும் அமைந்தன. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பால்வெட்டித் திரும்பிய பெண்களே பெரும்பாலும் கோழிகளைப் பார்த்துக்கொண்டனர். முட்டையும் கோழியும் அவர்களின் கைச்செலவிற்கு உதவின.

அப்பெண்கள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கொண்டுவந்த அறிவு நுட்பமானது. அடைக்கு வரும் கோழியை அதன் கொக்கரிப்பின் மாற்றத்தாலும் இறகைச் சிலிர்க்கும் முறையாலும் அறிவர். கூடையில் மணலும் அதன்மேல் வைக்கோலும் பரப்பி, இருள் படர்ந்த மூலையில் வைப்பர். முட்டைகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைப்பது மரபு. இடி இடித்தால் முட்டை கெடும் என்று கருதிக் கூடைக்குள் இரும்புத் துண்டும் கரியும் வற்றல் மிளகாயும் இடுவதுண்டு. இடிமழை மிகுந்த கிந்தாவில் இவ்வழக்கிற்கு வேலை குறைவாக இருந்திருக்க இயலாது. நாள் முதிர்ந்த முட்டையை வெதுவெதுப்பான நீரில் இட்டு, அசைவதை உயிருள்ளதாகவும் அசையாததைக் கூமுட்டையாகவும் பிரிப்பர். அடைக்கோழி, அடைக்கு வைத்தல், கூமுட்டை, பொரித்தல் ஆகியவை ஒரு தொழிலின் கலைச்சொற்கள். அகராதியில் அவை தனித்தனியே உள்ளன. தொழிலாக அவற்றை ஒருங்கே அறிந்தவர்கள் அப்பெண்களே.

பெட்டியின் நுட்பம்

இன்றைய வீட்டு அடைகாப்பானில் இவ்வறிவு எண்களாக மாறியுள்ளது. காடை முட்டை ஏறத்தாழ 10 முதல் 12 கிராம் எடை உடையது. இட்ட ஏழு நாள்களுக்குட்பட்ட முட்டைகளையே வைத்தல் வேண்டும். இரண்டு அல்லது மூன்று பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்னும் அளவில் வளர்த்தால் கருவுற்ற முட்டைகள் நன்கு கிடைக்கும். விசிறியுள்ள பெட்டியில் வெப்பம் 37.5 பாகை செல்சியசாக இருத்தல் வேண்டும். விசிறியில்லாத பெட்டியில் காற்று அடுக்கடுக்காக நிற்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 பாகை வரை தேவைப்படும். கூர்முனை கீழே இருக்குமாறு முட்டையை வைத்து நாள்தோறும் மூன்று முறைக்குக் குறையாமல் திருப்புதல் வேண்டும். திருப்பாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். பதினான்கு அல்லது பதினைந்தாம் நாளில் திருப்புதலை நிறுத்தினால் பதினேழு, பதினெட்டாம் நாளில் குஞ்சு வெளிவரும்.

இவ்வெண்கள் பெரிதும் குளிர்நாட்டு நூல்களில் எழுதப்பட்டவை. பத்து காஜாவின் தட்பவெப்பத்தில் அவற்றை எண்ணிப் பார்த்தே கையாள வேண்டும். பகற்பொழுதில் இங்கு வெளிவெப்பமே 30 பாகையைத் தாண்டும். ஆகவே பெட்டி ஏழெட்டுப் பாகை மட்டுமே உயர்த்தினால் போதும். சிறிய விளக்கே இதற்குப் போதுமானது. சூடு மிகுந்துவிடுவதே இங்குப் பெரிய இடர். இரண்டாவது இடர் ஈரப்பதம். பொரிக்கும்வரை முட்டை தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கை நீராவியாக இழத்தல் வேண்டும். அப்போதுதான் முட்டையின் அகன்ற முனையில் காற்றறை பெருகும்; குஞ்சு முதல் மூச்சை அங்கிருந்தே இழுக்கும். நூல்கள் கூறும் அளவைக் கருதி, ஏற்கெனவே ஈரம் செறிந்த காற்றில் மேலும் நீரை வைத்தால் குஞ்சு ஓட்டிற்குள்ளேயே மூச்சடைத்து இறக்கும். இறுதி மூன்று நாள்களில் மட்டும் ஈரப்பதம் நூற்றுக்கு 65க்கு மேல் இருத்தல் நலம். அப்போது சவ்வு உலராமல் குஞ்சு வெளிவர எளிதாகும். அந்நாள்களில் பெட்டியை அடிக்கடி திறத்தலாகாது.

பொரிந்த குஞ்சின் எடை 6 முதல் 8 கிராம். முதல் வாரம் அதற்கு 35 பாகைக்குக் குறையாத வெம்மை வேண்டும். வழுக்கும் தரையில் விட்டால் கால் விரிந்து ஊனமாகும். நீர்க்கிண்ணத்தில் கூழாங்கற்கள் இடாவிட்டால் அதில் விழுந்து மாளும். மின்தடை ஏற்படும் இரவில் பெட்டியைப் போர்வையால் மூடிக் காக்க வேண்டும்.

இவற்றை அடைக்கோழி செய்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோழி தன் அலகால் முட்டைகளைத் திருப்புகிறது. நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம் எழுந்து சென்று முட்டைகளைக் காற்றாட விடுகிறது. மணற்கூடை சூட்டையும் ஈரத்தையும் சமன்செய்கிறது. இருண்ட மூலை கோழியின் அமைதியைக் காக்கிறது. வெந்நீரிலிட்டு அறியும் முறை, ஓட்டின் புள்ளிகளால் ஒளியில் வைத்துப் பார்க்கக் கடினமான காடை முட்டைக்கு நினைத்துப் பார்க்கத்தக்கது. ஆயினும் ஓடு கீறத் தொடங்கிய பின் அதனைச் செய்தால் குஞ்சு மூழ்கும். எனவே மரபறிவு முழுவதும் சரியானது என்பதும், முழுவதும் மூடநம்பிக்கை என்பதும் ஒருசேரப் பிழையாகும். இடிக்கு இரும்பு வைப்பதும் மணலுக்குமேல் வைக்கோல் வைப்பதும் ஒரே கையால் செய்யப்பட்டவை. ஒவ்வொன்றையும் தனித்து ஆய்ந்தே மதிப்பிடல் வேண்டும்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

அடைக்கோழி மறைந்ததற்குத் தோட்ட வாழ்வின் சிதைவே முதற்காரணம். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டதை உங்கு அப்துல் அஜிஸ் 1951 முதல் 1960 வரையிலான காலத்திற்கு ஆராய்ந்துள்ளார். பின்னர் ரப்பர் செம்பனைக்கும், தோட்டநிலம் வீடமைப்பிற்கும் இடங்கொடுத்தது. 1985இல் ஈயச் சந்தை வீழ்ந்தது. லயத்தை விட்டு வரிசை வீடுகளில் குடியேறிய குடும்பங்களுக்குக் கோழி மேய நிலமில்லை; சேவல் கூவ அண்டை வீட்டார் இசைவதுமில்லை. 1998இல் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தோன்றிய நிப்பா நோயும், 2006இல் பேராக்கையும் தொட்ட பறவைக் காய்ச்சலும் வீட்டருகே விலங்கும் பறவையும் வளர்ப்பது குறித்த அச்சத்தை மிகுவித்தன. அவ்வச்சம் பொருளற்றதன்று. காடை வளர்ப்போர் கைகழுவுதலையும், காட்டுப் பறவைகள் அணுகாத கூண்டையும், உள்ளூராட்சி விதிகளையும் பேணுதல் கடமையாகும்.

இச்சூழலில் காடை பொருந்துகிறது. சிறு கூண்டு அதற்குப் போதும். அதன் குரல் சேவற்கோழியின் குரலைவிடத் தாழ்ந்தது. லயத்தில் இல்லாத மின்சாரம் வரிசை வீட்டில் உண்டு. ஆகவே கோழியும் நிலமும் இருந்து மின்சாரம் இல்லாத காலம் அடைக்கோழியின் காலமாகவும், மின்சாரம் இருந்து நிலம் இல்லாத காலம் காடைப் பெட்டியின் காலமாகவும் அமைந்தன. பெயர் வழக்கிலும் இம்மாற்றம் தெரிகிறது. பாட்டி அடைக்கு வைத்தாள். பேரன் இன்குபேட்டர் என்றோ மலாயில் மெசின் தெத்தாஸ் என்றோ கூறுகிறான். அடைகாப்பான், குஞ்சு பொரிப்பான் என்னும் சொற்கள் நூலில் உள்ளன. பேரனின் வாயில் அவை வழங்காமைக்குக் காரணம், பெட்டியோடு வந்த செய்முறைக் குறிப்பில் தமிழ் இல்லாமையே.

முடிவுரை

வளர்ப்புக் காடை அடைகாக்க மறந்ததற்கு மனிதன் முட்டையின் எண்ணிக்கையை மட்டும் தேர்ந்தெடுத்தது காரணம் என்று கண்டோம். பயனெனக் கருதிய ஒன்றையே பேணும்போது, பயனெனக் கருதாத மற்றொன்று யாரும் அறியாமல் மறைகிறது. தோட்டத் தமிழர் வரலாற்றிலும் இதுவே நிகழ்ந்து வருகிறது. ரப்பரின் விளைச்சல், கூலி, வேலைநிறுத்தம், கோயில், பள்ளி ஆகியவை குறித்து நம்மிடம் எழுத்துச் சான்றுகள் உள்ளன. ஈயக் கப்பல் காட்சிப் பொருளாகக் காக்கப்பட்டது. லயத்தின் பின்கட்டில் கூடைக்கு அருகே குந்தியிருந்த பெண் அறிந்தது என்ன என்பதற்குச் சான்று அவள் நினைவு மட்டுமே. லயத்தில் கோழி வளர்த்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது.

இதனைத் தொகுக்கும் பணி கடினமானதன்று. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவரிடம், வீட்டு மூத்தோரிடம் அடைக்கு வைக்கும் முறையைக் கேட்டு எழுதி வருமாறு பணிக்கலாம். அடைக்கு வந்த கோழியை எவ்வாறு அறிந்தனர், எத்தனை முட்டை வைத்தனர், எந்த மாதத்தில் வைக்கத் தயங்கினர், கெட்ட முட்டைக்கு என்ன பெயர் என்னும் நான்கு வினாக்கள் போதும். அறிவியல் வகுப்பில் பதினெட்டு நாளில் பொரியும் காடை முட்டையை அதே மாணவர் கண்டால், பாட்டியின் சொல்லும் பெட்டியின் எண்ணும் ஓரிடத்திற் சேரும். பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் பயில்வோர் அவ்விடைகளை ஊர்வாரியாகத் தொகுத்து, வழக்குச் சொற்களைத் தமிழகத்து வட்டார வழக்குகளோடு ஒப்பிட்டால், எந்தத் தோட்டத்திற்கு எந்த மாவட்டத்து மக்கள் வந்தனர் என்பதற்கும் ஒரு துணைச்சான்று கிட்டலாம். அத்தொகுப்பைப் பத்து காஜாவிலிருந்தே தொடங்கலாம்.